குறையில்லாத ஆத்துமம்

நீடர்வைல்
புனித மிக்கேல் சம்மனசின் திருநாள், 1316

அன்புத் தம்பி கெர்லாக்குக்கு அக்கா இர்மெலா எழுதுவது. ஆண்டவர் உன்னை உடலிலும் மனதிலும் காப்பாராக. நலமாக இருக்கிறாயா? மடத்து ரொட்டி வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா? இங்கே செபத்துக்கும் தொண்டுக்குமாகச் சேர்ந்து வாழும் எங்கள் வீட்டில் பதினொரு பெண்களும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. மே மாதம் பிடித்த மழை இன்னும் விடவில்லை. கோதுமை நின்ற இடத்திலேயே முளைத்து அழுகிவிட்டது. கம்பளி சிக்கெடுப்பது, துணி வெளுப்பது, நோயாளிகளைப் பார்ப்பது, செத்தவர்களைக் குளிப்பாட்டுவது என்று எங்களுக்கு நான்கு வேலைகள். நான்காவது மட்டும்தான் இப்போது தடையில்லாமல் நடக்கிறது.

போன பாஸ்குத் திருநாளுக்குப் பிறகு எங்களோடு சேர்ந்த ஒடிலாவைப் பற்றி உனக்கு எழுதவில்லை. என் வயதுதான். மீன்காரனின் விதவை. கை பெரிது, குரல் அதைவிடப் பெரிது. போன வாரம் கம்பளி அறையில், வீட்டுத் தலைவி லூட்கார்டா அவளைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏன்டி, நேத்து சாயங்கால செபத்துக்கு எங்க போன?”

“தூங்கிட்டேன்க்கா. ஆத்துமா நிறைஞ்சிடுச்சுன்னா அப்புறம் அது கேக்க என்ன இருக்கு? வயிறு நிறைஞ்ச புள்ள பாலுக்கு அழுமா? நிறைஞ்ச ஆத்துமாவுக்கு சட்டமும் கிடையாது, பயமும் கிடையாது.”

லூட்கார்டாவுக்கு முகம் சிவந்துவிட்டது. உடனே ஒடிலா, “ஆனா அப்படி ஒரு ஆத்துமாவ நான் எங்கயும் பாத்ததில்ல. நான் சத்தியமா அது இல்ல. ஒரு நாளைக்கு ஏழு தரம் உன்ன மனசுக்குள்ள திட்டுறேனே!” என்றாள். சிக்குச் சீப்பைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தோம். லூட்கார்டாவும் சிரித்தாள்.

அது விளையாட்டுப் பேச்சுத்தான். ஆனாலும் எனக்குள் தங்கிவிட்டது. வரப்போகும் தபசுகால நோன்பு நாட்களில் ஆசிரியர்கள் முன்னால் நிறைவு என்பதைப் பற்றி வாதம் செய்யப்போவதாக எழுதியிருந்தாயே, நீ சொல். மனித ஆத்துமம் இந்த உடம்பில் இருக்கும்போதே நிறைவடைய முடியுமா? லத்தீன் தெரியாதவளுக்குப் புரிகிற மாதிரி எழுது.

உன் தலைக்கு ஆசீர்வாதம்.
இர்மெலா


ஓபர்ஹால்ம் மடம்
புனித மார்ட்டின் திருநாள்

என் அன்பு அக்காவுக்கு ஆண்டவருடைய சமாதானம் உண்டாகுக. நான் நலம். நீ இளைத்துவிடாதே. உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன்.

நீ கேட்டது பெரிய கேள்வி. நிறைவு மூன்று வகை. ஒன்று சர்வேசுரனுக்கு மட்டுமே உரியது. அவரை எவ்வளவு நேசிக்கத் தகுமோ அவ்வளவும் நேசிக்க அவரால்தான் முடியும். இரண்டாவது மோட்சவாசிகளுடையது. ஒரு கணமும் விலகாமல் முழு ஆத்துமமும் அவர் பக்கமே திரும்பியிருப்பது. மூன்றாவது நம்முடையது, வழியில் நடந்துகொண்டிருப்பவர்களுடையது. அவருடைய அன்புக்கு எதிரானதை மனதிலிருந்து அகற்றிக்கொண்டே இருப்பது. ஊர் போய்ச் சேராதவன் சேர்ந்துவிட்டதாக நினைத்தால் அங்கேயே உட்கார்ந்துவிடுவான். அதனால்தான் உன் தோழியின் பேச்சு எனக்கு உறுத்துகிறது.

இன்னொன்று. என்னைப்போல் வார்த்தைப்பாடு கொடுத்த துறவி ‘நிறைவின் நிலை’யில் இருக்கிறான். அவனே நிறைவடைந்தவன் என்று அதற்குப் பொருளில்லை. சாகும்வரைக்குமான வார்த்தைப்பாடு இல்லாத உங்களுக்கு அந்த நிலை இல்லை. உன்னைத் தாழ்த்திச் சொல்வதாக நினைக்காதே.

ஒடிலா வேறு என்ன சொல்கிறாள்? என் வாதத்துக்கு உதவும். ஆனால் அக்கா, அவள் சிரித்தாள், இவள் சிரித்தாள் என்றெல்லாம் எழுத வேண்டாம். வார்த்தைகளை மட்டும் அவள் சொன்னபடியே எழுது.

எனக்காக வேண்டிக்கொள்.
தம்பி கெர்லாக்


நீடர்வைல்
புனித லூசியா திருநாள்

தம்பி, உனக்குச் சமாதானம். உப்புப் படகுக்காரன் இன்றைக்கே கிளம்புகிறானாம், அதனால் அவசரமாக எழுதுகிறேன். வீட்டில் எல்லாரும் இருக்கிறோம். பட்டாணிக் கஞ்சியில் பட்டாணியைத் தேட வேண்டியிருக்கிறது. இந்த வாரம் பதினான்கு சடலங்களைக் குளிப்பாட்டினோம். இப்போதெல்லாம் தூக்குவதற்கு ஒரு ஆளே போதும்.

உன் மூன்று வகையையும் அடுப்படியில் படித்துக் காட்டினேன். நான், லூட்கார்டா, ஒடிலா மூவர்தான் இருந்தோம். நிறைவின் நிலை வந்ததும் ஒடிலா கையைத் தூக்கினாள்.

“நில்லு, நில்லு. நிறைவு இல்லாமலே நிறைவோட நிலையில இருக்கலாமா? அப்போ சட்டி இருக்கு, கஞ்சி இல்ல. உன் தம்பி மடம் பூரா காலிச் சட்டியா?”

“வாய மூடுடி, சாமியாருங்கள பேசாத” என்றாள் லூட்கார்டா.

“நான் என்னைய சொல்லிக்கிட்டேன்க்கா. எங்கிட்ட கஞ்சியும் இல்ல, சட்டியும் இல்ல.”

நீ சிரிப்பை எழுத வேண்டாம் என்றாய். சிரிப்பை எடுத்துவிட்டால் அது ஒடிலா சொன்னதாகவே இருக்காது தம்பி. எனக்கு ஒரு சந்தேகம். சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யக்கூட வாய் திறக்கத் தெம்பில்லாமல் செத்துப்போகிறார்களே, அவர்கள் உன் மூன்றில் எதில் சேருவார்கள்?

குளிருக்குக் காலைச் சுற்றிக்கொண்டு படு.
இர்மெலா


ஓபர்ஹால்ம் மடம்
மெழுகுவர்த்தித் திருநாள், 1317

அக்காவுக்குச் சமாதானம். நலம். படகுக்காரனிடம் ஒரு பை பட்டாணி கொடுத்திருக்கிறேன்.

சில விவரம் வேண்டும். ஒடிலா பூசைக்குத் தவறாமல் வருகிறாளா? நற்கருணை வாங்குகிறாளா? கடைசியாக எப்போது பாவசங்கீர்த்தனம் செய்தாள்? சட்டத்தைப் பற்றிச் சொன்னபோது அறையில் யார் யார் இருந்தார்கள்? உங்கள் பங்குச் சாமியாருக்கு இவை தெரியுமா?

என் வாதம் நன்றாக உருவாகிறது. மூத்த ஆசிரியர் என்னைத் தம் மேசையில் உட்கார வைத்துக்கொள்கிறார்.

கெர்லாக்


நீடர்வைல்
தபசுகாலத்தின் நான்காம் ஞாயிறு

அன்புத் தம்பிக்கு. பட்டாணி வந்தது. உன் பெயரைச் சொல்லிப் பதினொரு பேர் சாப்பிட்டோம். உடம்பு எப்படி இருக்கிறது என்று நீ எழுதவே இல்லை. வாதத்துக்காக ராப்பகலாகப் படித்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே.

நீ கேட்டவற்றுக்குப் பதில்: பூசைக்கு வருகிறாள். பிணம் காத்திருந்தால் வரமாட்டாள். நற்கருணை வாங்குகிறாள். பாவசங்கீர்த்தனம் கிறிஸ்துமஸுக்குச் செய்தாள். அன்றைக்குக் கம்பளி அறையில் எல்லாரும் இருந்தோம். பங்குச் சாமியார் எங்கெல்பெர்ட்டுக்கு இந்தப் பேச்செல்லாம் தெரியாது. ஆனால் அவருக்கு ஒடிலாவின் மேல் இப்போது வேறு ஒரு கோபம்.

இரண்டு வாரம் முன்பு, வெள்ளிக்கிழமை. வண்டிக்காரன் மனைவி பிள்ளை பெற்று நான்கு நாள். பால் சுரக்கவில்லை, கண் செருகிக்கிடந்தாள். ஒடிலா எங்கிருந்தோ ஒரு மாட்டெலும்பு கொண்டுவந்து கொதிக்க வைத்து ஊட்டிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து எங்கெல்பெர்ட் சாமியார் உள்ளே வந்துவிட்டார்.

“தபசுகாலத்துல, அதுவும் வெள்ளிக்கிழமை, இறைச்சித் தண்ணியா? இது பாவம்னு உனக்குத் தெரியாதா?”

“தெரியும் சாமி. ஆனா இவளுக்குத் தபசுகாலம் போன அறுப்புலயே ஆரம்பிச்சுடுச்சு. அத முடிச்சு வைக்கத்தான் வந்தேன்.”

“நோன்ப முடிச்சு வைக்க நீ யாரு? எங்களுக்கெல்லாம் மேல இருக்குற மேற்றிராணியாரா?”

“அவர் வர்றதா இருந்தா கரண்டிய அவர்கிட்டயே குடுத்துடுறேன்.”

அவர் போய்விட்டார். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். பிள்ளையும் இருக்கிறது. நானும் அன்றைக்கு அவளுக்குத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது பாவமானால் எனக்கும் பங்கு உண்டு.

தம்பி, ஒன்று கேட்கிறேன். உன் போன கடிதம் நீ எழுதியது போலவே இல்லை. யாரோ உன் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல எழுதியது போல இருந்தது. எனக்குத்தான் பசியில் அப்படித் தோன்றுகிறதோ?

இர்மெலா


நீடர்வைல்
ஆண்டவர் விண்ணேறிய திருநாள்

கெர்லாக், பாஸ்கு வந்தது, போனது. உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. நோயில் கிடக்கிறாயா?

திங்கட்கிழமை மேற்றிராணியாரின் ஆட்கள் இரண்டு பேர் ஒரு காவலனோடு வந்தார்கள். வாசலில் நின்று “ஒடிலா எவ?” என்றுதான் கேட்டார்கள். வேறு யார் பெயரும் கேட்கவில்லை. அவள் கையில் சோப்பு நுரை. “கைய கழுவிட்டு வரட்டுமா சாமி?” என்றாள். விடவில்லை. நுரையோடு படகில் ஏற்றினார்கள். லூட்கார்டா பின்னால் ஓடி, “என்ன குத்தம்னு சொல்லிட்டுப் போங்க!” என்று கத்தினாள். “அவ வாய்தான் குத்தம்” என்றான் காவலன்.

உன் ஊருக்குத்தான் கொண்டுபோயிருக்கிறார்கள். அங்கே எங்களுக்கு உன்னைத் தவிர யார் இருக்கிறார்கள்? போய்ப் பார். என்ன குற்றச்சாட்டு என்று விசாரி. என் கம்பளிப் போர்வையைப் படகுக்காரனிடம் கொடுத்தனுப்புகிறேன். சிறையில் ஈரம் இருக்கும், அவளிடம் சேர்த்துவிடு.

உன்னை நம்பியிருக்கிறேன்.
அக்கா


ஓபர்ஹால்ம் மடம்
பரிசுத்த ஆவியின் திருநாளுக்கு மறுநாள்

அக்காவுக்குச் சமாதானம். நான் நோயில் இல்லை. பாஸ்கு முதல் எனக்கு இளம் துறவிகளுக்குப் பாடம் சொல்லும் பதவி கொடுத்திருக்கிறார்கள்.

அந்தப் பெண்ணைப் பார்க்க எனக்கு அனுமதி இல்லை. போர்வை என்னிடம் இருக்கிறது. இனி அவள் பெயரை எந்தக் கடிதத்திலும் எழுதாதே. என் கடிதங்களை அடுப்பில் போட்டுவிடு. யாராவது கேட்டால் அவளோடு நெருக்கமில்லை என்று சொல். முடிந்தால் உங்கள் வீட்டுப் பெண்கள் போடும் அந்தச் சாம்பல் நிற அங்கியைக் கழற்றிவிட்டு அத்தை வீட்டுக்குப் போய் இரு. காரணம் கேட்காதே.

கெர்லாக்


நீடர்வைல்
புனித யோவான் திருநாள் கழிந்த செவ்வாய்

கெர்லாக், நான் அத்தை வீட்டுக்குப் போகவில்லை. ஓபர்ஹால்முக்கு வந்தேன். உன்னிடம் சொல்லவில்லை.

பேராலய முற்றத்தில் ஒடிலாவின் குற்றச்சாட்டுகளைப் படித்தபோது கூட்டத்தில் நின்றிருந்தேன். முதலில் லத்தீனில், பிறகு நம் பேச்சில். “நிறைவடைந்த ஆத்துமத்துக்குச் சட்டமும் இல்லை, அச்சமும் இல்லை என்கிறாள். வயிறு நிறைந்த பிள்ளை பாலுக்கு அழாததுபோல் அது செபத்தை விட்டுவிடலாம் என்கிறாள். துறவிகளின் நிலையைக் காலிச் சட்டி என்கிறாள். நோன்பை முடித்துவைக்கத் தனக்கு அதிகாரம் உண்டு என்கிறாள்.”

ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, அது எங்கே பேசியது என்று எண்ணிப் பார்த்தேன். அந்தக் காலிச் சட்டிப் பேச்சு எங்கள் அடுப்படியில் மூன்று பேருக்கு நடுவில் நடந்தது. லூட்கார்டாவுக்கு எழுதத் தெரியாது. ஒடிலா தன்னைத் தானே பிடித்துக் கொடுத்திருக்க மாட்டாள். மிச்சம் நான்தான். நான் எழுதியது ஒரே ஒருவனுக்கு.

“சொன்னியா, இல்லியா?” என்று நடுவர் கேட்டார்.

“சொன்னேன் சாமி. ஆனா அதுக்கப்புறம் சொன்னதயும் சேத்துப் படிங்க.”

“கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. சொன்னியா, இல்லியா?”

அதற்குப் பிறகு அவள் சொன்னதை நான் எழுதியிருந்தேன். ‘நான் சத்தியமா அது இல்ல’ என்று அவள் சொன்னதை எழுதியிருந்தேன். ஏழு தரம் திட்டியதையும் எழுதியிருந்தேன். அது எங்கே போயிற்று?

நடுவர் பக்கத்துப் பெஞ்சில் மூன்றாவதாக முக்காடு போட்டுக்கொண்டு ஒருவன் உட்கார்ந்திருந்தான். நீ என்று என் கண் சொன்னது. இல்லை என்று நீ சொல். ஒரு வார்த்தை போதும், நம்பிவிடுகிறேன். தீர்ப்பு புனித யாக்கோபு திருநாளன்று. அதற்குள் பதில் எழுது.

இர்மெலா


ஓபர்ஹால்ம் மடம்
ஜூலை ஏழாம் நாள்

அக்கா,

நான்தான்.

மூத்த ஆசிரியர் ஒருநாள், “புத்தகத்தில் உள்ள பிழையை மறுப்பது எளிது, உயிருள்ள வாயில் உள்ள பிழையைக் காட்டு” என்றார். உன் கடிதத்திலிருந்து ஒரு வாக்கியத்தைச் சொன்னேன். ஊரும் சொல்லவில்லை, பெயரும் சொல்லவில்லை. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்படி யாரும் என்னைப் பார்த்ததில்லை. இன்னும் உண்டா என்று கேட்டார். அதனால்தான் உன்னிடம் கேட்டேன். தபசுகாலத்தில் வாதம் முடிந்ததும் அவர் கதவைச் சாத்திவிட்டு, “இது எந்த ஊர்?” என்றார். கீழ்ப்படிவேன் என்று வார்த்தைப்பாடு கொடுத்தவன் நான்.

அந்த மிச்சப் பாதியைப் பற்றிக் கேட்டாய். பரிசீலனைக்கு வைக்கும் கூற்று சுருக்கமாக இருக்க வேண்டும் என்பது முறை. அவள் தன்னைப் பற்றிச் சொன்னது கொள்கையைத் தொடாது என்று நினைத்தேன். நினைக்கவில்லை, அப்படிச் சொல்லிக்கொண்டேன். நானேதான் வெட்டினேன்.

உன் கடிதங்கள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. யாருக்கும் காட்டவில்லை. காட்டினால் எழுதியவள் யார் என்று தெரிந்துவிடும். எலும்புத் தண்ணீர்ப் பாவத்தில் உனக்கும் பங்கு உண்டு என்று நீயே எழுதியிருப்பது தெரிந்துவிடும். உன்னைக் காப்பாற்றத்தான் மௌனமாக இருக்கிறேன். என்னைக் காப்பாற்றவும்தான். தயவுசெய்து தீர்ப்பு நாளில் வராதே.

கெர்லாக்


நீடர்வைல்
தேவதாயின் விண்ணேற்பு கழிந்த மூன்றாம் நாள்

கெர்லாக், நீயும் அங்கே இருந்தாய். ஆனாலும் நான் பார்த்ததை எழுதுகிறேன். எழுதாவிட்டால் நீ அதையும் சுருக்கிவிடுவாய்.

தீர்ப்பைப் படிக்குமுன் நான் கூட்டத்தைத் தடுக்கக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டிப் போனேன். “சாமி, அவ சொன்னதுல பாதிதான் படிச்சிருக்கீங்க. மீதிய நான் எழுதியிருக்கேன்” என்றேன்.

“நீ யாரு? எழுதினது எங்க?”

“அந்தப் பெஞ்சுல இருக்குற சாமியார்கிட்ட இருக்கு.”

எல்லாரும் உன்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நீ எழுந்தாய். உன் கை மார்பில் அங்கியின் மடிப்பை இறுக்கிப் பிடித்திருந்தது. நடுவர், “அப்படி ஏதாவது இருக்கா?” என்றார். நீ தரையைப் பார்த்துக்கொண்டு, “எனக்கு ஞாபகம் இல்லை” என்றாய்.

அந்த இடத்தில் என்னைப் பிடித்திருப்பார்கள். காவலன் என் தோளில் கை வைத்துவிட்டான். அப்போதுதான் ஒடிலா வாயைத் திறந்தாள். இரண்டரை மாதச் சிறையில் அவள் குரல் தேய்ந்துபோயிருந்தது.

“சாமி, இந்தப் பொம்பள யாருன்னே எனக்குத் தெரியாது. பசியில புத்தி பெரண்டவ போலிருக்கு, வெளிய அனுப்புங்க. நான் சொன்னது நீங்க படிச்சது மட்டும்தான். அதுக்கு மேல ஒரு வார்த்தையும் சொல்லல.”

அவளைக் காப்பாற்றக்கூடிய ஒரே வாக்கியத்தை அவளே தூக்கிப் போட்டாள். போடும்போது என்னைப் பார்க்கக்கூட இல்லை. பார்த்திருந்தால் தெரிந்தவள் என்று கண்டுபிடித்துவிடுவார்கள் அல்லவா?

என்னைத் தள்ளி வெளியே விட்டார்கள். அவளை நகரத்து அதிகாரிகளிடம் ஒப்படைத்தார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். ஆற்றுப் புல்வெளியில் புகை அடங்குகிறவரை நின்றேன். விறகு ஈரம். வெகுநேரம் ஆயிற்று.

உன் வாதத்துக்கு என்னாலும் ஒன்று சேர்க்க முடியும். வழியில் நடக்கிறவர்களுக்கு மோட்சவாசிகளின் நிறைவு கிட்டாது என்று எழுதினாயே. அன்று ஒரு மூச்சு நேரம் நான் அதைப் பார்த்தேன். நீயும் அதே இடத்தில்தான் இருந்தாய். ஆனால் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

இனி எழுதாதே.


ஓபர்ஹால்ம் மடம்
அக்டோபர் இருபதாம் நாள்

அக்கா, எழுதாதே என்றாய். எழுதாமல் இருக்க முடியவில்லை. உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கும் உரிமையும் எனக்கு இல்லை.

உங்களுடையதைப் போன்ற வீடுகளை மூடச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறது. வீடு வீடாகப் போய்ப் பெண்களை விசாரிக்க மூன்று பேரை நியமித்திருக்கிறார்கள். மூத்த ஆசிரியர் தலைவர். எழுத்து வேலைக்கு நான். நீடர்வைலுக்கு அடுத்த வியாழக்கிழமை வருகிறோம்.

பெயர்ப் பட்டியலை என்னைத்தான் எழுதச் சொன்னார்கள். பத்துப் பேரில் ஒன்பது பெயர் எழுதினேன். லூட்கார்டா முதல் பெயர். உன் பெயரை விட்டுவிட்டேன். வார்த்தைப்பாடு கொடுத்த நாள் முதல் நான் செய்த முதல் கீழ்ப்படியாமை இதுதான். வியாழனுக்குள் கிளம்பிவிடு. எங்கே என்று எனக்குக்கூடச் சொல்லாதே.

தீர்ப்பு நாளன்று உன் கடிதங்கள் என் அங்கிக்குள்தான் இருந்தன. எட்டாய் மடித்து வைத்திருந்தேன். இப்போதும் அங்கேயே இருக்கின்றன.

கெர்லாக்


நீடர்வைல்
அக்டோபர் இருபத்து நான்காம் நாள்

தம்பி, உனக்குச் சமாதானம். நான் நலம். லூட்கார்டாவுக்கு மூட்டு வீங்கியிருக்கிறது. மற்றவர்களும் இருக்கிறார்கள்.

பத்துப் பேர் உள்ள வீட்டுக்கு ஒன்பது பெயரோடு வந்தால், அந்த ஒன்பது பேரிடமும் முதலில் கேட்பது பத்தாவது எங்கே என்பதைத்தான். லூட்கார்டாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அவளை அடிப்பார்கள். என்னைப் பிரித்தெடுத்துக் காப்பாற்ற நீ யோசித்ததற்கு நன்றி. ஆனால் நான் போகவில்லை.

என் பெயரை எழுதிவிடு. முதலிலேயே எழுது. பட்டியலில் குறை இருக்க வேண்டாம்.

கடிதங்களைக் கொண்டு வா. இந்த முறை ஆசிரியர் முன்னால் எல்லாவற்றையும் நானே சத்தமாகப் படிக்கிறேன், தொடக்கத்திலிருந்து கடைசி வரை, சிரிப்பும் சேர்த்து. படித்து முடிக்கிறவரை நீ என் பக்கத்தில் நிற்கலாம். நிற்காமலும் போகலாம். அதை நான் இப்போது கேட்கவில்லை.

வியாழக்கிழமை படகுத்துறைக்கு வருகிறேன். ஆற்றில் தண்ணீர் ஏறியிருக்கிறது, கடைசிப் படி உடைந்துபோயிற்று. கால் வழுக்கும். பார்த்து இறங்கு.

அக்கா இர்மெலா